கொளஞ்சியம்மா குடிச்ச டானிக்

குமராட்சிக்குப் பக்கத்துல ஒரு ஊர். அங்க அங்கன்வாடி டீச்சர் கொளஞ்சியம்மா. மகா கூச்சக்காரி. அந்தக் கூச்சந்தான் அவ மானத்த வாங்குச்சு, கேளுங்க.

சந்திரலேகா மவ சிந்துஜாவுக்கு நாலு வயசு. எந்நேரமும் தூக்கம், முழிச்சா பல்பத்தத் தின்னும். ரத்தம் எட்டு பாயிண்ட்டுதான்னு நர்ஸம்மா சொன்னதுலேருந்து கொளஞ்சியம்மாவுக்குச் சோறு எறங்கல. புள்ளைய மடியில போட்டு, வாயத் தொறந்து இரும்புச்சத்து டானிக்க ஊத்துவா. அது முழுங்கிட்டு மறுபடி தூங்கிடும். மத்த புள்ளைங்களுக்கும் ஊத்துனா. டானிக் குடிச்சா வெளிக்குக் கறுப்பாப் போவும், பயப்பட வேணாம்னு தாய்மாருங்ககிட்ட சொல்லச் சொல்லியிருந்தாங்க நர்ஸம்மா. இந்தக் கண்றாவிய எப்படி வாய்விட்டுச் சொல்றதுன்னு இவ சொல்லாமயே விட்டுட்டா.

நாலாம் நாள் ஊரே அங்கன்வாடி வாசல்ல, புள்ளைங்களுக்கெல்லாம் கறுப்பாப் போவுதுன்னு. எவனோ செய்வினை வெச்சுட்டான், இனிமே ஒரு சொட்டு டானிக் கெடையாதுன்னுட்டாங்க. சந்திரலேகா புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்புனா. அதப் பாத்ததும் கொளஞ்சியம்மா ஓடிப்போயி வழிய மறிச்சா. டானிக்க நானே குடிக்கிறேன், மூணு நாள் கழிச்சு வந்து பாத்துக்குங்கன்னுட்டா. என்ன சொன்னோம்னு பொறவுதான் அவளுக்கே ஒறைச்சுது.

ஊர் விடுமா? சாட்சிக்கு செல்லாயியையும் இருசம்மாளையும் நியமிச்சாங்க. மூணாம் நாள் காலையில ரெண்டு பேரும் அவ பின்னாடியே கொல்லைக்குப் போயி, பாத்துட்டு வந்து, கறுப்புதான்னு சபையில சொன்னாங்க. அப்பாடான்னு அவ மூச்சு விடுறதுக்குள்ள ஊர் தீர்ப்பு சொல்லிடுச்சு: ஐயோ பாவம், டீச்சருக்கும் வெச்சுட்டானுவ.

மந்திரிக்கிற சிங்காரத்தக் கூட்டியாந்தாங்க. அவரு தாயத்து கட்டும்போது கொளஞ்சியம்மா காதோட சொன்னா: "மாமா, கறுப்பாப் போறது வினை கழியுறதுதான்னு சொல்லிடுங்க. என் மானம் போனது போவட்டும், அந்தப் புள்ள பொழைக்கணும்."

சிங்காரம் பேரனுக்கும் ஒம்போது பாயிண்ட்டுதான். மனுசன் கண்ண மூடித் தொறந்தாரு.

"உள்ள இருக்கிற வினை வெளியேறுது. டானிக்கப் பாதியில நிறுத்துனா என்னயக் கேக்காதீங்க."

மறுநாள் கியூ. பெருசுங்ககூட வாயத் தொறந்துக்கிட்டு நின்னுச்சுங்க. அதுங்கள வெரட்டுறதே பெரும்பாடாப் போச்சு.

மூணு மாசம் போச்சு. ஒரு நாள் டானிக் பாட்டிலப் பாத்ததும் சிந்துஜா எழுந்து ஓட்டம் புடிச்சுது. அங்கன்வாடிய நாலு சுத்து சுத்தியும் கொளஞ்சியம்மாவால புடிக்க முடியல. பாட்டிலோட அப்படியே தரையில உக்காந்து, சிரிச்சுக்கிட்டே ஓன்னு அழுதா.