கூண்டில் நின்று படிக்கிற சர்க்கார் வக்கீல்

ஸ்டானிஸ்லாஸ் கைக்குட்டையை உதறிக் குற்றவாளிக் கூண்டின் கைப்பிடிச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மணி ஒன்பதே முக்கால். மாஜிஸ்திரேட் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. துடைத்து முடித்ததும் அன்றைய வழக்குக் கட்டைச் சட்டத்தின் மேல் விரித்து, கூண்டுக்குள் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார். அவருடைய சொந்த மேசையில் ஒரு வாரத்துத் தூசி கிடக்கிறது. அதை அவர் கண்டுகொள்வதில்லை.

இத்தனைக்கும் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, சாட்டுகிறவர். பதினோரு வருஷமாக அந்தக் கோர்ட்டில் உதவி சர்க்கார் வக்கீல். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்துக் கோயிலிலேயே ஞானஸ்நானமும் கல்யாணமும் ஆனவர். குட்டையான உருவம். கறுப்புக் கோட்டு முழங்கைப் பக்கம் வெளுத்துப் பச்சையோடிவிட்டது. மாஜிஸ்திரேட் முன்னால் இங்கிலீஷ் பேசுவார். மற்றபடி வாயைத் திறந்தால் ராயபுரம்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலி லூயிஸ் முதல்முறை அவரைக் கூண்டில் பார்த்தபோது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டானாம். துணிந்து கேட்டபோது அவனையும் உள்ளே இழுத்து நிறுத்தியிருக்கிறார்.

“இங்க நின்னு பாரு லூயிசு. சாட்சி மூஞ்சி தெரியுதா? தூணுதான் தெரியுது. இங்க நிக்கிறவனுக்குத் தெரியாததை நான்தானே பாக்கணும்?”

அந்தக் கூண்டின் கதவு கடல்காற்றில் உப்பிப்போனது. தாழ்ப்பாளை இழுத்தால் வராது. சற்றுத் தூக்கிப் பிடித்து, கீழ்ப்பலகையில் முழங்காலால் ஒரு இடி கொடுக்க வேண்டும். அந்த வித்தை தெரிந்தவர்கள் கட்டடத்திலேயே இரண்டு பேர்தான், லூயிஸும் இவரும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மனிதர் இளகிய மனசுக்காரர் என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவீர்கள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற ஊசியால் கூட்டாளியைக் குத்தியவன் ஒருவன், மடியில் செருகியிருந்தது விழும்போது தவறிப் பட்டுவிட்டது என்று சாதித்தான். ஸ்டானிஸ்லாஸ் ஐஸ் கொட்டகையில் அரைநாள் போய் உட்கார்ந்தார். எந்த ஐஸ்காரனும் ஊசியை மடியில் செருகுவதில்லை, மரப்பெட்டியின் விளிம்பில் குத்தித்தான் வைக்கிறான் என்று கண்டுவந்து, ஒரு ஐஸ்காரனையே கோர்ட்டில் சொல்லவைத்தார். ஆசாமி இரண்டு வருஷம் உள்ளே போனான். அன்று அவர் வீட்டில் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார் என்று மனைவி ஹில்டா சொல்கிறார்.

சாட்சி நின்ற இடத்தில் தானும் போய் நின்று பார்க்காமல் எந்த வழக்கையும் அவர் எடுப்பதில்லை. போலீஸ்காரர்களுக்கு இது தலைவலி. சென்ற கார்த்திகையில் சுப்பராயன் வழக்கு வந்தபோது அந்தத் தலைவலி மண்டையைப் பிளந்தது.

சுப்பராயன் வியாசர்பாடிக்காரன். திருவொற்றியூரில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. முதல் நாள் மேஸ்திரியோடு வாய்ச்சண்டை போட்டிருக்கிறான். மறுநாள் காலை எட்டு மணிச் சங்கு ஊதும்போது பட்டறை வாசலில் கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்து மேஸ்திரியின் புருவத்தைக் கிழித்தது. ஏழு தையல். எறிந்தது யார் என்று மேஸ்திரிக்கே தெரியாது. ஆனால் பக்கத்துக் கிடங்குக் காவலாளி சண்முகவேல், டீ குடித்துவிட்டு வரும்போது சுப்பராயன் எறிந்ததைக் கண்ணால் கண்டதாக வாக்குமூலம் கொடுத்திருந்தான். வழக்கு நிரூபணமானால் சுப்பராயனுக்கு ஜெயில் நிச்சயம், வேலையும் போகும். ஜாமீனில் வந்தவன் வக்கீல் வைக்கவில்லை. வைக்க வழியில்லை.

விசாரணைக்கு முதல் நாள் காலை ஸ்டானிஸ்லாஸ் அந்த டீக்கடைக்குப் போனார். கடை இருப்பது ரயில் பாதைக்கு மேற்கே, பட்டறை கிழக்கே. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ஒரு கூட்ஸ் வந்து லெவல் கிராசிங்கை அடைத்துக்கொண்டு நின்றது. வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஏறினார்கள். தினமும் இப்படித்தானா என்று கேட்டதற்கு, டீக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சிக்னல் வுழுற வரைக்கும் நிக்கும் சார். இதுல இன்னா புதுசா கீது?”

கேட்கீப்பரின் நோட்டைப் புரட்டியதில், கல் விழுந்த தேதியிலும் எட்டேகால் வரை கேட் மூடியே இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் கோட்டைக் கழற்றி டீக்கடைக்காரர் கையில் கொடுத்தார். தானும் வண்டிக்கு அடியில் புகுந்தார். ஐம்பது வயதில் வெள்ளைக் கால்சட்டையோடு செய்கிற காரியமா! எட்டு மணிச் சங்கு ஊதியபோது அவர் தண்டவாளத்துக்கு நடுவில் தவழ்ந்துகொண்டிருந்தார். பட்டறை வாசல் நேர் எதிரே இருந்தது. அங்கே ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

இதை ஒருவரும் ஒளிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தினமும் நிற்கிற வண்டியை யாராவது வாக்குமூலத்தில் சொல்வார்களா? சுப்பராயனுக்கே தோன்றவில்லை. வழக்கைப் பதிந்த சப்-இன்ஸ்பெக்டர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். அவர் ஊரில் ரயில் நின்றால் அதிசயம், திருவொற்றியூரில் நிற்காமல் போனால் அதிசயம்.

விஷயத்தைச் சொன்னதும் சப்-இன்ஸ்பெக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. எதிரே வக்கீல் இல்லை, கேட்க ஆளில்லாத கேள்வியை நாமே எதற்குச் சொறிந்து புண்ணாக்க வேண்டும் என்றார். அன்று வீட்டில் ஸ்டானிஸ்லாஸ் வஞ்சிர மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார், ஒரு கவளம்கூட எடுக்கவில்லை. மேஸ்திரியின் ஏழு தையலும் நிஜம்தானே. அந்த மனிதனுக்கு யார் பதில் சொல்வது?

ஹில்டா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “நீங்க யாரு கட்சி? போலீசு கட்சியா, அந்தாளு கட்சியா?”

“சர்க்காருக்கு இன்னா ஹில்டா, கிண்டி ரேசுல குதிரையா வுட்டுகீது, ஜெயிச்சே ஆவணும்னு?” என்றார். சொன்னாரே தவிர, அவர் குரலில் தெம்பில்லை.

மறுநாள் சண்முகவேல் சாட்சிக் கூண்டில் ஏறி, பார்த்தேன் என்று சொல்லி முடித்தான். அதோடு ஸ்டானிஸ்லாஸ் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால், கேள்வி உண்டா என்று மாஜிஸ்திரேட் சுப்பராயனைக் கேட்பார், அவன் இல்லையென்று தலையாட்டுவான், கதை முடிந்துவிடும். ஸ்டானிஸ்லாஸ் உட்காரவில்லை.

“டீக்கடையிலேர்ந்து பட்டறை வாசலுக்கு எப்படிப் போனே?”

“எல்லாரும் போறா மாரிதான் சார். வண்டிக்கு அடியில பூந்து.”

“சங்கு ஊதுறப்போ எங்க இருந்தே?”

“அடியிலதான்.”

“அங்கேர்ந்து பாத்தா இன்னா தெரிஞ்சிது?”

சண்முகவேல் யோசித்தான். பொய்க்காரன் அல்ல அவன். இதுவரை யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். “காலுங்க சார்,” என்றான்.

மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. யாருடைய கால்கள் என்று அவரே கேட்டார்.

“காலைப் பாத்துப் பேரு சொல்ல முடியுங்களா? போலீசு ஸ்டேசன்ல பேரு சொன்னாங்க. நானும் ஆமான்னேன்.”

கூண்டில் சுப்பராயன் தூணைத் தாண்டி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஸ்டானிஸ்லாஸ் கேட்கீப்பரின் நோட்டையும் எடுத்து மேலே கொடுத்தார்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு மாஜிஸ்திரேட் இங்கிலீஷில் நாலு வரி படித்தார். விடுதலை. லூயிஸ் உடனே வாசலுக்குப் போய் அடுத்த வழக்கின் பேரை நீட்டி முழக்கினான்.

சுப்பராயன் கூண்டிலேயே நின்றான். அவன் மனைவி கன்னியம்மா வாசலில் நின்று வா வா என்று கையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். தன்னை இன்னும் விடவில்லை என்று நினைத்தவன்போல முகம் வெளிறி, இழுப்பதை நிறுத்திவிட்டான்.

ஸ்டானிஸ்லாஸ் அடுத்த வழக்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து வந்தார். ஒற்றைக் கையால் தாழ்ப்பாளைச் சற்றுத் தூக்கி, கீழ்ப்பலகையில் முழங்காலால் ஒரு இடி இடித்தார்.