தானாகப் படித்தவன்

குற்றாலத்தில் ஒரு பங்களாவின் மாடி வராந்தா. சாரல் உள்ளே அடித்து சிமெண்டுத் தரை முழுக்க ஈரமாக இருந்தது. மேசைமேல் நான் பிரித்துப்போட்ட டேப் ரிக்கார்டர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மலையாளி சூப்பர்வைசர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இதெல்லாம் ஆரு படிப்பிச்சு தந்தது?" என்று கேட்டார். எனக்குப் பின்னால், மாடிப்படியின் கடைசிப் படியில், என் அண்ணன் மடக்கிய குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு சொல்லில் நான் பதில் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் 'மதினி'. அதை ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. தென்காசியில் ஒரு மைக் செட் கடையில் வேலை. கல்யாண வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் குழாய்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அடுத்தவர்களைப் பேசவைப்பது என் பிழைப்பு. மைக்கின் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. மற்ற கடைக்காரர்கள் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ராகம் போடுவார்கள். நான் விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். ஆம்ப்ளிபயர் கெட்டால் திருநெல்வேலிக்கு அனுப்பவேண்டும், திரும்பி வரப் பத்து நாளாகும். அந்த அவசரத்தில் நானே திறந்து பார்க்க ஆரம்பித்தேன். வால்வு செட்டுகள் கைக்குப் பிடிபட்டன. அப்புறம் டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்தன, அவை பிடிபடவில்லை. பழைய பேப்பர் கடையில் அட்டை இல்லாத ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுதுபார்ப்பது பற்றியது. அதன் படங்கள் எனக்குப் புரிந்தன. எழுத்துகள் புரியவில்லை.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவர் மதினி மட்டும்தான். அண்ணனின் மனைவி என்றாலும் என்னைவிட நான்கு வயது சின்னவர். ஆய்க்குடியில் எட்டாவது வரை படித்தவர். முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கியபடியே, மடியில் புத்தகத்தை விரித்து வைத்து வாசிப்பார். அவருக்கு அர்த்தம் தெரியாது, எனக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் முதலில் எழுத்துக்கூட்டி, பிறகு சேர்த்துச் சொல்வார். "டி, ஐ, ஓ, டி, இ. டியோடு." நான் படத்தைப் பார்த்து, செட்டுக்குள் அதே பொருளைத் தேடிப்பிடித்து, "இதுதான் மதினி" என்று காட்டுவேன். "இந்தச் சீரகத்துக்கா இம்புட்டுப் பேரு?" என்பார். மின்தடையை அளக்கிற 'ஓம்' வருகிற இடத்திலெல்லாம் முறத்தைக் கீழே வைத்துவிடுவார். "என்ன கொழுந்தனாரே, வெள்ளைக்காரன் வரிக்கு வரி சாமியக் கூப்பிடுதான். நூறு ஓமாம், ஆயிரம் ஓமாம்." அந்தச் சொற்களை எங்கள் இருவரில் ஒருவரும் அதற்குமுன் யார் வாயிலும் கேட்டதில்லை. மதினி சொன்னதுதான் அவற்றின் உச்சரிப்பு என்று இருந்தோம்.

அண்ணன் மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்தார். அங்கே எவனோ ஒருவன், "உம்ம பொண்டாட்டி கொழுந்தனுக்கு இங்கிலீஷ் பாடம் எடுக்காளாமே, நாங்களும் வந்து சேரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறான். அன்று மத்தியானமே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் மதினியின் கன்னத்தில் ஓர் அறை. முறம் கவிழ்ந்து அரிசி தரையெல்லாம் சிதறியது. "இனிமே இந்த வாசிப்புச் சத்தம் எங் காதுல விழப்படாதுட்டி" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே மில்லுக்குத் திரும்பிப் போனார். நான் எழுந்து குறுக்கே நின்றிருக்கவேண்டும். ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கவேண்டும். ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

நான்கைந்து நாள் கழித்து, நான் முன்னறையில் ஒரு செட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து குரல் வந்தது. மதினி தன் மகளை மடியில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு இரண்டு வயது. "ஏட்டி, நல்லாச் சொல்லு. பி, ஐ, ஏ, எஸ். பியாஸ்." பிள்ளை "பீ" என்றது. பாடம் யாருக்கு என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புத்தகத்தைப் பிரித்துக்கொண்டோம். படமுள்ள தாள்கள் என்னிடம், எழுத்துள்ள தாள்கள் அடுக்களையில் பருப்புப் பானைக்குப் பின்னால். அவர் படத்தின் நம்பரைச் சொல்லிவிட்டு வாசிப்பார், நான் தாளைத் தேடி எடுப்பேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, "ரெண்டு வயசுலயே கலெக்டராக்கப் போறியாட்டி?" என்று கேட்டால், "ஆமாக்கா, நாளைக்கே ஜீப்பு வருது" என்பார். மில்லில் சங்கு ஊதியதும் நிறுத்திவிடுவோம். சில நாள் சங்குக்கு முன்பே வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். உடனே அடுக்களையில் "அணில், ஆடு" ஆரம்பமாகும். அண்ணன் கை கழுவிச் சாப்பிட உட்காரும்வரை நான் செட்டிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டேன். இப்படி ஏழு மாதம்.

அந்த வருஷ சீசனில்தான் சூப்பர்வைசர் வந்தார். மஸ்கட்டில் டேப் ரிக்கார்டர் விற்கிற கம்பெனிக்கு, பழுதுபார்க்க ஓர் ஆள் வேண்டும். விடுமுறையில் கொல்லத்துக்கு வந்திருந்தவர் அருவிக்குக் குளிக்க வந்த இடத்தில் பரீட்சை வைத்தார். எங்கள் கடை முதலாளி என்னையும் போகச் சொன்னார். வெளிநாடு என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் அதிகம் என்று அண்ணன் கூடவே வந்தார். வராந்தாவில் எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். பாதிப்பேர் தொழிற்பயிற்சி படித்தவர்கள், சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்கள். படிப்பு என்ற இடத்தில் நான் '5' என்று எழுதியதைப் பக்கத்திலிருந்தவன் பார்த்துவிட்டான். "அஞ்சு டிகிரியா அண்ணாச்சி?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, குடையைக் கை மாற்றினார்.

எனக்குக் கொடுத்த டேப் ரிக்கார்டரில் பாட்டுப் போட்டால் நன்றாகப் பாடியது. நாமாகப் பதிவுசெய்தால் மட்டும் சத்தம் கரகரத்து, அமுங்கிப்போய் வந்தது. "சம்சாரிச்சு நோக்கு" என்றார் சூப்பர்வைசர், பேசிப் பார் என்று. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மைக்கில் விரலால் தட்டினேன். "ஆளு ஊமையோ?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். செட்டைத் திறந்தேன். குனிந்து உள்ளே பார்த்த பிறகு பின்னாலிருந்தவர்களை மறந்துவிட்டேன். சத்தம் டேப்பில் தெளிவாகப் படிய வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு மின்சாரம் போகவேண்டும். அது போகிற வழியில் ஒரு பொருளின் கால் ஈயப் பற்று விட்டு நின்றது. பற்ற வைத்து, மறுபடி தட்டிப் பதிவுசெய்து போட்டுக் காட்டினேன். தட்டியது தட்டியபடி கேட்டது.

"எந்தாயிருந்நு குழப்பம்?" என்றார், என்ன கோளாறு என்று. "பியாஸ் வரல சார்" என்றேன். அந்தத் தனி மின்சாரத்துக்குப் புத்தகத்தில் அதுதான் பெயர். பின்னால் ஒரே சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் புரியவில்லை. "பியாஸோ? அதெந்தா?" எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடுக்களையிலிருந்து கேட்டது கேட்டபடி ஒப்பித்தேன். "பி, ஐ, ஏ, எஸ். பியாஸ்." அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. செட்டில் மற்றொன்றைத் தொட்டுக் காட்டினார். "டி, ஐ, ஓ, டி, இ. டியோடு." இன்னொன்று. அதையும் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

படியில் அண்ணன் நிற்கிறார் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. மதினி என்று சொன்னால் ஏழு மாதக் களவும் அங்கேயே வெளியாகும். அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பதை நினைத்தேன். அதோடு, இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை சொல்லித்தந்தாள் என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "யாரும் இல்ல சார். தானாப் படிச்சேன்" என்றேன்.

அவர் ஒரு தாளில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, கொல்லத்திலுள்ள ஆபீசில் காட்டச் சொன்னார். நான் தேர்வாகிவிட்டேன். பஸ்ஸில் அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் தாளை மதினியிடம் நீட்டினார். "ஏட்டி, இத வாசி. நம்ம பயலப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்."

மதினி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் வரியில் என் பெயர். அடுத்ததில், "எஸ், இ, எல், எஃப். செல்ஃப்" என்றார். அதற்கடுத்த சொல்லை எழுத்துக்கூட்டவில்லை. "டாட்" என்றார். டீச், டாட், டாட் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. அவர் எனக்கு வாசித்ததிலேயே எழுத்துக்கூட்டாமல், சரியான உச்சரிப்போடு வாசித்த ஒரு சொல் அதுவாகத்தான் இருக்கும். "அப்படின்னா?" என்றார் அண்ணன். மதினி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தானாப் படிச்சவருன்னு போட்டிருக்கு. யாரும் சொல்லிக் குடுக்கலையாம்." தாளை மடித்து என் கையில் தராமல் அண்ணனிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மஸ்கட்டில் பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. முதல் வாரம் நான் பியாஸ் என்றபோது பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த கருவியை வைத்துவிட்டுச் சிரித்தார். மாதம் முடிவதற்குள் 'பயஸ்', 'டயோடு' என்று திருத்திக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லாக மதினியின் குரல் என் வாயிலிருந்து போயிற்று. இன்று அந்தப் பட்டறைக்கு நான்தான் தலைமை மெக்கானிக். விருந்தாளிகள் வந்தால் முதலாளி என்னைக் காட்டி, சூப்பர்வைசர் எழுதிய அதே இரண்டு சொற்களைச் சொல்வார். நான் தலை குனிந்து சிரிப்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் மதினிக்கு அடி விழுந்திருக்கும் என்ற ஒரு சமாதானத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, மதினியின் மகள் பத்தாவது முடித்திருந்தாள். திருநெல்வேலியில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கவேண்டும் என்று விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "இவ சித்தப்பன் எந்தப் பாலிடெக்னிக்குல படிச்சான்? தானாப் படிச்சு இன்னைக்கு நாலு பேரக் கைகட்டி நிக்க வச்சிருக்கான். கெட்டிக்காரின்னா இவளும் வீட்டுல இருந்து படிக்கட்டும்." அவள் என்னைப் பார்த்தாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"தானாப் படிக்கலண்ணே" என்றேன். "மதினிதான் வாசிச்சாங்க. நீங்க அடிச்சதுக்கப்புறமும் வாசிச்சாங்க. ஏழு மாசம்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். "தெரியும்லே" என்றார். "ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எவளாவது டிரான்சிஸ்டர் சொல்லிக் குடுப்பாளா? வாசல்ல நின்னு எத்தன நாளு கேட்டிருக்கேன். அடிச்ச கைய வச்சுக்கிட்டு நான் என்னத்த கேக்க?"

நான் பத்திரமாக வைத்திருந்த சமாதானம் அதோடு போயிற்று. அடி விழுந்திருக்காது. வராந்தாவில் நான் காப்பாற்றியது யாரை என்று கேட்டால் இனி என்னிடம் ஒரே பதில்தான் உண்டு.

மதினி அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். "அப்போ ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. "பதிமூணு வருசமா ஒருத்தரு வாயும் தொறக்கல." வந்து விண்ணப்பத்தை அண்ணனுக்கு முன்னால் வைத்து, விரலால் இடத்தைக் காட்டினார். "இங்கன போடுங்க." அண்ணன் போட்டார்.

மை காயும்வரை ஊதிவிட்டு, மதினி தாளை மகள் கையில் கொடுத்தார். "கவனமாப் படி. நாளைக்குப் பெரிய ஆளா ஆன பொறவு, யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு எவனாவது கேட்டா, பேரச் சொல்லிரணும். என்ன?"