பூசணிப் பிஞ்சைச் சுட்டிய விரல்

யோங் பெங் ஊரில் எங்கள் வீட்டுப் பின்புறம் மருமகள் போட்ட பூசணிக் கொடியில் முதல் பிஞ்சு விட்டிருந்தது. "பாட்டி, அங்க பாருங்க!" என்று பேத்தி விரலை நீட்டினாள். பாய்ந்து அந்த விரலைப் பிடித்தேன்.

நாங்கள் முன்பு இருந்த ரப்பர் எஸ்டேட்டில் பன்னிரண்டு வயதில் நானும் அப்படித்தான் நீட்டினேன். மாரியம்மன் திருவிழாச் சாம்பாருக்கென்று அம்மா நேர்ந்துவிட்ட கொடி அது. சுட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகிவிடும் என்பார்கள். நான்கே நாளில் அழுகிவிட்டது.

"சாமிக்கு நேர்ந்ததையாடி சுட்டிக் காட்டுன, மூதேவி!" அம்மா என் விரலை அடுப்பில் இருந்த சோற்றுச் சட்டியின் விளிம்பில் வைத்து அழுத்தினார். தோல் தீய்ந்த வாடை வந்தது. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் அந்தப் பிஞ்சை அறுத்தபோது உள்ளே புழுக்கள் நெளிந்தன. அம்மா அதைக் கோழிகளுக்கு எறிந்தார்.

"புழுதாம்மா," என்றேன்.

"இருக்கட்டும். இனிமே எதப் பாத்தும் விரல நீட்ட மாட்டல்ல?" என்று சிரித்தார்.

பென்சில் பிடிக்க முடியாமல், மேல்பள்ளிக்குப் போவதற்கான ஆறாம் வகுப்புப் பரீட்சையை நான் எழுதவில்லை. என் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது.

"அத்தை, விடுங்க! புள்ள அழுவுறா!" மருமகள் ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.