நெரிசலில் சாகாத புள்ளிகள்

"…அது எப்பிடிட்டி, சுத்தி நாலு பேரு இருந்தா மூச்சு முட்டிச் செத்துரும்? பத்துக்குப் பத்து கோலியில, ஒத்த ரூமுல, நாங்க பதினோரு பேரு கெடந்தோம். எவன் செத்தான்?"

செம்பூர் வீட்டில் என் மகள் கல்லூரிப் பாடத்துக்காக லேப்டாப்பில் புள்ளிகளை ஓடவிட்டபோது, எனக்கு முதலில் கேட்டது பேச்சியக்காவின் இந்தக் குரல்தான். அக்கா தாராவியில் டிடிபி கடை வைத்திருந்தாள். நான் அப்போது அங்கே கம்ப்யூட்டரில் காதுகுத்துப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். பிரிண்டர் சூட்டு வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் யாரோ ஒரு தாய்மாமன் பெயர் ஞாபகம் வரும்.

இதே புள்ளிகளை அன்றைக்குக் கடைக் கம்ப்யூட்டரில் நானும் ஓடவிட்டேன்; மாட்டுங்கா நடைபாதையில் வாங்கிய கிழிந்த புத்தகத்தைப் பார்த்து நானே எழுதிய ப்ரோகிராம் அது. கட்டங்களில் புள்ளிகள். பக்கத்தில் இரண்டோ மூன்றோ இருந்தால் பிழைக்கும். குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் புதிதாக ஒன்று பிறக்கும். சட்டம் இவ்வளவுதான். ஓடவிட்டால் ஊர்கிறது, சுழல்கிறது, பிள்ளை பெறுகிறது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

வேலை நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டாடியதற்காக எனக்கு முன்னால் இரண்டு பேரை அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். மதியம் கொடுக்கவேண்டிய பத்திரிகையைப் பாதியில் விட்டுவிட்டு, மூன்றாவதாக நான் மாட்டினேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவளோ சட்டத்தைக் கேட்டுவிட்டு அதனோடு சண்டைக்கு நின்றாள்.

"தனியாக் கெடந்தா சாவும், அது ஞாயம். கூட்டத்துல எவனும் சாவ மாட்டான். மாத்துட்டி!"

மாற்றினேன். முதலாளி சொன்னால் இயற்கையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

புள்ளிகள் பவளம்போலக் கிளைத்துத் திரையை அடைத்தன. நடுவே ஒற்றை ஆள் நுழையும் சந்துகள். "நம்ம ஏரியாவேதான்!" என்று அக்கா துள்ளினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் உறைந்து நின்றது. ஒன்றும் சாகவில்லை, ஒன்றும் அசையவுமில்லை.

கடை இருந்த சந்தை இடித்து இப்போது தகர வேலி போட்டிருக்கிறார்கள். எங்கள் செம்பூர் லிஃப்டில் எட்டுப் பேர் ஒட்டி நின்றாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மூச்சு முட்டுகிறது என்று அக்காவிடம் சொல்லத்தான் ஆசை. எந்தப் பக்கம் போனாளோ, தெரியவில்லை.

அன்றைக்கு அவள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தபோது பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தவர் வந்துவிட்டார். "ஆச்சாம்மா?"

இனி அனுப்பிவிடுவாள் என்று நான் எழுந்து கைப்பையை எடுத்தேன்.

"பிரிண்டர் மக்கர் பண்ணுது அண்ணாச்சி, சாயங்காலம் வாங்க" என்றாள் அக்கா. அவர் தலை மறைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இன்னொரு ஸ்டூலை இழுத்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.