பாலைவனப் புல்லின் இடச்சீட்டு

ஒரு புல்லின் ஊரைக் குத்துமதிப்பாக எழுதினேன். கேட்டவரின் முகத்தைப் பார்த்தே அது சரியென்றும் சொன்னேன். இதுதான் என் குற்றம்.

வெறும் புல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்...

பான் நகரத்தில், உலர்ந்த தாவரங்களைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் சேகரமொன்றில் எனக்கு வேலை. வாங்கித் தந்தவர் வதனி அக்கா. யாழ்ப்பாணத்தவர், புற்களை ஆராய்பவர். நமீபியப் பாலைவனத்தின் செங்குத்துப் பள்ளத்தாக்குகளில் மட்டுமே வளரும் ஒரு புல்லை உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. எங்களிடம் இருந்தது அதன் பழைய தாள் ஒன்றே ஒன்று, அதுவும் யாரும் பிரிக்காத கட்டொன்றுக்குள்.

அந்தத் தாளையும் வேறொரு புல்லின் தாளையும் படம் பிடிப்பதற்காக வெளியே எடுத்தேன். பசை காய்ந்திருந்ததால், எங்கே பறித்தது என்று எழுதிய இடச்சீட்டுகள் இரண்டும் கழன்று மேசையில் விழுந்தன. ஒன்றில் வடக்குப் பள்ளத்தாக்கு, மற்றதில் தெற்கு. எது எதற்குரியது? தெரியவில்லை. என்னை நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்கும் கிழமை அது. கேட்டால் கவனமில்லாதவன் என்று நினைப்பார்களே... அக்காவின் புல்லுக்கு வடக்கை ஒட்டினேன். கணினியிலும் அப்படியே பதிந்தேன்.

அக்கா வடக்குக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"தம்பி, நீதானே அந்தத் தாளைப் பாத்தனி? இடம் சரிதானே?"

"ஓம் அக்கா."

தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? சொல்லியிருந்தால் தெற்கிலும் தேடியிருப்பார். என் வாய்க்கு என்ன வந்தது...

அடுத்த ஆண்டும் அதே வடக்குக்கே போனார். பாறையில் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டு வந்தார். அதன்பின் எந்த மலையும் ஏறவில்லை. ஓய்வும் பெற்றுவிட்டார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கோப்பி தந்துவிட்டுச் சொன்னார்: "புல் அங்கைதான் நிண்டிருக்கும். என்ர கண்ணுக்குத்தான் தெரியேல்லை. கண் டொக்டரிட்டை நேரம் குறிச்சு, டெர்மின் எடுத்துப் போனன். ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லுறார். அவருக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்?"

சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே... முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவரிடம் எப்படிச் சொல்வது? இதுவும் சாக்குத்தான். எனக்குத் தெரியும்.

புறப்படும்போது, இத்தனை காலம் தன் கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"எனக்கு இனி ஏன்? நீ வைச்சிரு. உன்ர கண் நல்ல கண்."

வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். பதிவில் இன்னும் வடக்கு என்றே இருக்கிறது.