எட்டாம் விதியும் என் இரு தொடைகளும்

உடலில் காயம் உள்ள உறுப்பினர் அதை மருத்துவச் சான்றுடன் எழுத்து மூலம் தெரிவித்தால், அவருக்கு ஏற்ற பயிற்சி அட்டவணை ஏழு நாட்களுக்குள் வழங்கப்படும். இது ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தின் எட்டாம் விதி. சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கிறது. அதை முழுதாகப் படித்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன், அச்சடித்தவரையும் சேர்த்து.

மார்கழியில் வேலூரிலிருந்து வந்த பேருந்து, கண்ணமங்கலம் தாண்டியதும் ஓர் ஆட்டுக்காகச் சட்டென்று நின்றது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தலை முன்னே போய்ப் பின்னே வந்தது. மருத்துவர் கழுத்துப் பட்டை மாட்டிவிட்டு இரண்டு உத்தரவு போட்டார். கழுத்திலும் தோளிலும் பாரம் ஏறக்கூடாது, கையிலும் கனம் தூக்கக்கூடாது என்பது முதல் உத்தரவு. கால்களைச் சும்மா விடக்கூடாது என்பது இரண்டாவது. தொடையில் ஏற்கெனவே சதை கரைந்திருக்கிறதாம். இப்படியே விட்டால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே ஆள் வேண்டியிருக்கும் என்றார். நான் தலையாட்ட முயன்றேன். பட்டை விடவில்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் ஆடிய தலை, அன்றுதான் முதன்முறையாக நிமிர்ந்து நின்றது.

கால்களுக்காகத்தான் அந்தக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே பயிற்சியாளருக்கு நாற்பது வயது இருக்கும். காலுக்குப் பயிற்சி என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இரும்புத் தண்டைப் பிடரிக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது.

"எனக்குக் கழுத்தில் அடி," என்றேன்.

"ராடு தோள்லதான சார் வெக்கறோம்? கழுத்து அதும்பாட்டுக்கு இருக்கும், காலு அதும்பாட்டுக்கு வேலை செய்யும்."

"தோளும் கழுத்தும் ஒரே தாலுகா, தம்பி."

அவருக்குப் புரியவில்லை. எட்டாம் விதியைக் காட்டினேன். படிவத்தைத் திருப்பிப் பார்த்து, "இது வேறயா?" என்றார். மறுநாள் மருத்துவச் சான்றின் நகலோடு மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கினேன். "ஹெட் ஆபீஸ்லேர்ந்து சார்ட் வரும் சார். அது வர்ற வரிக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க," என்றார். அது தை மாதம்.

இங்கேதான் என் படிப்பும் அனுபவமும் என்னைக் கவிழ்த்தன. உத்தரவு வராமல் காரியம் தொடங்கக்கூடாது என்று ஊறிப்போனவன் நான். ஒன்றும் செய்யவில்லை. முதல் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டையும் தேதி வாரியாகக் கோப்பில் கோத்தேன். கோப்பு பருத்தது, தொடை மெலிந்தது.

"இன்னா, இன்னும் பதில் வர்லியா?" என்றாள் மனைவி. "ஊரையே காக்க வெச்சீங்க இல்ல? இப்ப நீங்களும் காத்துகினு இருங்க."

பங்குனியில் வந்தவாசியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மரியாதை செய்வதாக நினைத்து என்னைப் பள்ளமான சோபாவில் உட்கார வைத்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டபோது எழ முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் பெண் வீட்டார் ஒருவரும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அந்தக் கல்யாணத்தில் இரு வீட்டாரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். சென்னையிலிருந்து வந்திருந்த என் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, ஆடிப்பெருக்குக்கு வருவேன். கையை ஊனாம அஞ்சு தடவை எழுந்து காட்டுங்க. இல்லன்னா பொட்டியக் கட்டிக்கினு ரெண்டு பேரும் என்னோட வந்துடணும். அம்மாவால உங்களைத் தூக்க முடியாது."

அவள் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. அங்கே நான்கு நாள் இருந்திருக்கிறேன். மின்தூக்கியில் ஏறுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார்கள். பேசிச் சண்டை போடக்கூட ஆள் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை?

உத்தரவுக்குக் காத்திருந்தது போதும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். உயரமான நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். கழுத்து குனியாமல் இருக்க, எதிர்ச் சுவரில் கண்ணுக்கு நேராக நாட்காட்டியை மாட்டிக்கொண்டேன். சித்திரை முடிவதற்குள் ஒரு தலையணை போனது. வைகாசியில் இன்னொன்றும் போனது. பக்கத்து வீட்டுத் தறியின் சத்தத்தை வைத்து எண்ணுவேன். நெசவாளர் டீ குடிக்கப் போனால் எனக்கும் ஓய்வு.

அடுத்து பாரம் வேண்டும். தோளில் வைக்கக் கூடாது, கையில் பிடிக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்டேன். இடுப்பில் கட்டினால் கழுத்துக்குப் போகாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்றார். அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. தலைமை அலுவலகத்துக்கு அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. மனைவி பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டு பக்கமும் பை வைத்து ஓர் இடுப்புப் பட்டி தைத்தாள். அதில் இட்லி அரிசியைப் போட்டாள். முதலில் பக்கத்துக்கு அரைப்படி, பிறகு ஒரு படி.

"நாளைக்கு மாவு அரைக்கணும். உங்க வலது தொடைய எடுத்துக்கறேன்," என்பாள் சமையலறையிலிருந்து. வலது பக்கம் மட்டும் எடுத்தால் சாய்ந்துவிடுவேன் என்று ஆட்சேபணை தெரிவித்தேன். "அப்ப ரெண்டு பக்கமும் பாதி பாதி எடுக்கறேன், ஆபீசரு," என்றாள். ஆட்சேபணை ஏற்கப்பட்ட அலுவலகம் என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.

சொன்னபடி மகள் ஆடிப்பெருக்கன்று காலையிலேயே வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை. தலையணை இல்லாத நாற்காலியை வீட்டுக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டாள். நான் கைகளை மார்பில் கட்டிக்கொண்டேன். கழுத்துப் பட்டையைக் கழற்றி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் தொடை நடுங்கியது. அந்த நேரம் பார்த்து மேசை மேல் இருந்த கைப்பேசி டிங் என்றது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஜிம்லேர்ந்து மெசேஜ்ப்பா."

"இருக்கட்டும்," என்று ஐந்தாவது முறை எழுந்தேன். எழுந்தவன் உட்காரவில்லை. சமையலறைக்கு நடந்துபோய், கலந்த சாதத்துக்கு நறுக்கிய எலுமிச்சையில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றும் தெரியாது. மகள் என் கால்களைப் பார்த்தாள்.

"சரி, இங்கயே இருங்க," என்றாள். "பள்ளமான சோபால மட்டும் உக்காராதீங்க."

பிறகு செய்தியைப் படித்தேன். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. அட்டவணை வரும்வரை கால் பயிற்சிகள் எதையும் மேற்கொள்ள வேண்டாம்.' முதல் வாக்கியம் என்னுடையது. முப்பத்து மூன்று ஆண்டுகள் நானே எழுதி அனுப்பியது. இப்போதுதான் முகவரி கண்டுபிடித்து வீடு வந்து சேர்ந்திருக்கிறது. கோப்பை எடுத்து, கடைசித் தாளில், நின்றுகொண்டே எழுதினேன்: பதில் பெறப்பட்ட நாள், ஆடி பதினெட்டு.