காலேப் எந்த வம்சம்

எங்கள் கோவில்பட்டிச் சபையில், எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு வேத வினாப் போட்டி நடக்கும். பதினோரு வருடமாகக் கேள்வித்தாள் தயாரிப்பது நான். ஜெயிக்கிறவர் பண்டிகை ஆராதனையில் முன்னால் நின்று வேதபாடம் வாசிக்கலாம்.

அந்த வருடம் கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி கமிட்டித் தலைவரின் மருமகள். மற்றவள் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள். இடைசெவல் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் எடுத்துப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு ஞாயிறுகூட அவளை வாசிக்கக் கூப்பிட்டதில்லை. அதற்காகத்தான் பெயர் கொடுத்திருந்தாள்.

மதிப்பெண் சமம். கடைசிக் கேள்வியை வாசித்தேன். "மோசே வேவு பார்க்க அனுப்பினவர்களில் ஒருவனான காலேப் எந்த வம்சத்தான்?"

தீப்பெட்டி ஆபீஸ்காரிதான் முதலில் கை தூக்கினாள். "கேனாசியன். வெளி சனம். பொறவு யூதாவோட சேத்துக்கிட்டாவ."

முன்வரிசையிலிருந்து தலைவர் சத்தமாகவே சொன்னார்: "வந்து சேந்தவகிட்ட கேட்டா வேறென்ன சொல்லுவா?"

கூட்டம் சிரித்தது.

"ஏட்டி, அப்படியே ஒன் வம்சத்தையும் சொல்லிரு," என்றாள் மருமகள். சிரிப்பு இன்னும் கூடியது.

அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள். "ரெண்டும் வேதத்துல இருக்கு அண்ணாச்சி. எடுத்துப் பாருங்க."

இருந்தது. ஓர் இடத்தில் யூதா கோத்திரம், இன்னோர் இடத்தில் கேனாசியன். இரண்டு வசன எண்களையும் என் நோட்டில் சிவப்பு மையில் குறித்திருந்தேன். விடைத்தாளில் ஒரு பதிலுக்குத்தான் கட்டம் போட்டிருந்தேன். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாள்ல யூதான்னுதான் இருக்கு," என்றேன்.

மருமகள் "யூதா" என்றாள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பண்டிகையன்று மருமகள் வாசித்தாள். இரண்டு பெயர்களைத் தப்பாக உச்சரித்தாள். சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருவர், "என்ன கேனாசி, கண்ணுல தண்ணி?" என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆபீஸ் வேனிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிறகு அவள் மகளையும்.

மறுவருடம் அதே கேள்வியைப் போட்டேன். கட்டத்தை அகலமாக்கி இரண்டு பதிலையும் எழுதியிருந்தேன். அவள் பெயர் கொடுக்கவில்லை. வேறொருவர் எழுந்து "யூதா" என்றார். சரி என்று மதிப்பெண் போட்டேன்.